சாண் அகல மழை

ஊர் உலகமெல்லாம் மழை வேண்டிக் கழுதைக்குக் கல்யாணம் செய்துவைக்கும். எங்கள் சங்குத்திட்டில் மட்டும் மாசி தொடங்கிப் புரட்டாசி முடிகிற வரைக்கும் வானத்தில் கையகலக் கறுப்புத் தெரிந்தாலும் "வந்துட்டியா, நாசமாப் போறவளே" என்று வைவோம், ஏனென்றால் நாங்கள் உப்பளத்துக்காரர்கள், எங்கள் சோறு வெயிலில் விளைகிறது, பாத்தி பாத்தியாக உப்புத்தண்ணியைக் காயவைத்து, வாரி, வரப்போரம் அம்பாரமாகக் குவித்து வைத்தால் ஒரு நல்ல மழைக்கு அது தாங்காது, காலையில் மலையாக நின்றது மத்தியானம் சேறாகக் கிடக்கும். அதனால் புள்ளைகளுக்கு மழைப்பாட்டு சொல்லிக்கொடுத்த வாத்தியாரைக்கூட எங்கள் பெண்கள் சும்மா விட்டதில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பிறகு நடந்த கூத்து ஒன்றும் உங்களுக்கு விளங்காது.

எங்கள் அண்ணன் கொம்பையாதான் அளத்துக்கு மழைக்காவல். நாலு பனந்தடியை நட்டு மேலே பலகை போட்ட பரண் ஒன்று உண்டு, அதில் ஒரு பழைய எண்ணெய்த் தகரம், ஒரு கம்பு, ஒரு அண்ணன். மேற்கே கருக்கல் கட்டினால் தகரத்தைத் தட்டுவான். தட்டினால் சங்குத்திட்டு மொத்தமும் உலையை இறக்கிப் போட்டுவிட்டு, சண்டையைப் பாதியில் நிறுத்திவிட்டு, தலைக்கு எண்ணெய் வைத்தவள் எண்ணெயோடு ஓடித் தார்ப்பாயை இழுத்து அம்பாரத்தை மூடும். ஆனால் வெள்ளை உப்பில் பட்டுத் திருப்பியடிக்கிற வெயில் கண்ணைத் தின்கிற வெயில், அது அண்ணன் கண்ணையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. போன ஆனியில் மழை அவன் தலையில் விழுந்த பிறகுதான் தட்டினான், மூன்று வீட்டு அம்பாரம் கரைந்து ஓடியது. உப்பளத்துச் சங்கம் கூடியது, தலைவர் தங்கராசு அண்ணாச்சி தொண்டையைச் செருமிக்கொண்டு, "இன்னொரு மழை தப்பிச்சுதுன்னா கொம்பையா பரணைவிட்டு இறங்கிரணும்யா" என்றார். அண்ணன் தலையை ஆட்டினான், வீட்டுக்கு வந்தான், சாப்பிட்டான், படுத்தான். பரணைவிட்டு இறங்கினால் அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பான், அப்புறம் எழுந்திருக்க மாட்டான், கூடப் பிறந்தவளுக்கு அது தெரியாதா?

மைனிக்கும் தெரியும். அண்ணன் பெண்டாட்டி, எங்கள் மைனி பேராச்சி, பஸ் நிறுத்தத்துப் பக்கம் செல்போன் ரிப்பேர் கடையில் வேலை பார்க்கிறவள், மயிரிழை மாதிரி வயரில் ஈயம் வைத்துப் பற்றவைக்கிற கை, ஆனால் வாய் மட்டும் அரிவாள். ஒருத்தரிடமும் ஒன்றும் சொல்லாமல் தூத்துக்குடிக்குப் போய் ஒரு மழைமானியும் உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் பலகை ஒன்றும் வாங்கிவந்தாள். மழைமானி என்றால் பெரிய சூட்சுமம் ஒன்றுமில்லை, அவளே எனக்குப் பிரித்துக் காட்டினாள்: மேலே சாண் அகலத்தில் ஒரு புனல், உள்ளே புள்ளைகள் ஏறியிறங்கி விளையாடுகிற சீசா மாதிரி குட்டிப் பலகை, அதன் இரண்டு முனையிலும் கட்டைவிரல் கொள்ளுகிற கிண்ணம்; புனல் வழியாக இறங்குகிற மழை ஒரு கிண்ணத்தை நிறைத்ததும் அது டக்கென்று சாய்ந்து கொட்டும், மற்றது மேலே வரும், சாயும்போதெல்லாம் ஒரு காந்தம் ஒரு சுவிட்சை உரசிப் போகும், அந்தச் சேதி வயர் வழியாகப் பலகைக்குப் போகும், பலகை மணியை அடிக்கும்.

"கிண்ணம் நிறையாம சாயாதா மைனி?"

"சாயாது. நிறைஞ்சாத்தான் சாயும்."

"அப்போ முதல் துளிக்கு அதுக்குத் தெரியாதே."

"ஏட்டி சந்தனம், உனக்கு இருக்கிற வாய்க்கு நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்" என்றாள், பிரித்ததைத் திரும்பப் பூட்டினாள்.

பரணில் ஏறி அவள் அந்தச் சாமானைக் கட்டும்போது அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தான். பார்த்துக்கொண்டே என்றால், அவனுக்குத் தெரிகிற மட்டுக்கும்.

"என்னளா இது?"

"மழை வந்தா மணி அடிக்கும்."

"அப்போ நான் எதுக்கு?"

"உங்களுக்கு ஒரு துணைக்குத்தாங்க."

"கண்ணவிஞ்சவன்னு ஊருக்கே மணியடிச்சுச் சொல்லப் போறே" என்றான் அண்ணன், அதோடு அவளிடம் பேச்சை நிறுத்தினான். அவள் சோறு வைத்தால் சாப்பிடுவான், தண்ணி வைத்தால் குடிப்பான், பேசமாட்டான். மைனியும் லேசுப்பட்டவளா, சமாதானம் சொல்லாமல் வேலையைப் பார்த்தாள், ஆனால் கவனம் சிதறியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தத் தப்பு நடந்திருக்காது.

தப்பு இதுதான். அந்தப் பலகைக்கு இரண்டு வரிசையாகக் கால்கள் உண்டு, எறும்புக்கூட்டம் மாதிரி, ஒவ்வொரு காலுக்கும் இரண்டு நம்பர். எங்கள் தெருக் கதவுகளில் பழைய நம்பர், புது நம்பர் என்று இரண்டு எழுதியிருப்பதால் தபால்காரர் நாலு வீடு ஏறி இறங்குவாரே, அதே கதை. ஒரு கால் மழைமானி சொல்வதைக் கேட்கிற கால், இன்னொரு கால் மணிக்குக் கட்டளை சொல்கிற கால். மைனி பழைய நம்பரைப் புது நம்பர் என்று நினைத்து, கேட்கிற காலில் செருக வேண்டிய வயரைச் சொல்கிற காலில் செருகிவிட்டாள். பலகை தன் போக்கில் "அடி, அடி" என்று மணிக்குக் கட்டளை போட்டது, அது மழைமானிக்குப் போய்ச் சேர்ந்தது, மழைமானி என்ன செய்யும் பாவம், அதற்கு மணியடிக்கத் தெரியாது, தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், அதனால் மழை பெய்தது.

பங்குனி மாசம், மொட்டை வெயில், மேகம் என்று பேருக்கு ஒரு பஞ்சுகூட இல்லை, புனலின் வாய் எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலத்துக்கு மட்டும் மேலேயிருந்து மழை இறங்கிப் புனலுக்குள் போனது. பக்கத்தில் இருந்த தகரத்தின்மேல் ஒரு பொட்டு இல்லை. மைனி வயரை உருவினாள், நின்றது, செருகினாள், பெய்தது. அண்ணன் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தான்.

முதலில் தங்கராசு அண்ணாச்சிதான் வந்தார், ஒரு கேள்விதான் கேட்டார்: "இது உப்புல படுமா?" சாரல் எவ்வளவு தூரம் தெறிக்கிறது என்று துண்டை விரித்துப் பார்த்தார், ஒரு முழம், அதற்குமேல் இல்லை. "அப்போ பெய்ஞ்சுட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்ன பிறகுதான் பெண்கள் பக்கத்தில் வந்தார்கள், கையை நீட்டினார்கள், நக்கிப் பார்த்தார்கள், ஐயோ, அது நல்ல தண்ணி! லாரி வந்தால் குடத்தோடு அடிதடி போடுகிற ஊரில், ரோமக்கால் வரைக்கும் உப்பு ஏறிப்போன ஊரில், வானத்திலிருந்து ஒரு குழாயைத் திறந்துவிட்ட மாதிரி நல்ல தண்ணி வந்தால் யாராவது காரணம் கேட்டுக்கொண்டு நிற்பார்களா?

காரணம்தான் கேட்கவில்லையே தவிர, மற்றதெல்லாம் சோதித்துப் பார்த்தோம், எங்களுக்கு அந்த ஆர்வம் அடங்கவேயில்லை. மழைமானியையும் பலகையையும் தூக்கிக்கொண்டு நடந்தால் மழை கூடவே வந்தது, ஓடினால் ஓடிவந்தது, திரும்பினால் சமர்த்தாகத் திரும்பியது. குடை பிடித்தால் குடைக்குள்ளிருந்து பெய்தது, துணிகூட நனையவில்லை. வீட்டுக்குள் கொண்டுபோனால் ஓட்டுக்குக் கீழேயிருந்து ஆரம்பித்தது, ஏறிப் பார்த்தால் ஓடு வெயிலில் சுட்டுக்கொண்டு கிடந்தது, எங்கேயிருந்துதான் முதல் துளி பிறக்கிறது என்று அண்ணாந்து பார்த்துப் பார்த்து எங்கள் தெருச் செல்லக்கனிக்குக் கழுத்துச் சுளுக்கிக்கொண்டது. புனலைக் கவிழ்த்துப் பிடித்தால் மழை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு நின்றது. கட்டிலுக்கு அடியில் வைத்தாலும் பெய்தது, அங்கே அது உட்கார்ந்து பெய்கிற மாதிரி இருந்தது என்று செல்லக்கனி சொன்னாள், அவள் எதைத்தான் சொல்லமாட்டாள்.

பிறகு முறை வைத்தோம். எல்லா வீட்டுக்கும் ஒரு நாள் மழை, வீட்டு நம்பர் வரிசைப்படி. பழைய நம்பரா புது நம்பரா என்று அதற்கும் ஒரு சண்டை, கடைசியில் பழைய நம்பர்க்காரர்கள் ஜெயித்தார்கள். மழை முறை வந்த வீட்டில் அன்றைக்குக் காலையிலேயே கோலம் போட்டார்கள். உப்பில் நின்று நின்று பாளம் பாளமாக வெடித்த காலை அந்த மழையில் நீட்டிக்கொண்டு பெண்கள் உட்கார்ந்தார்கள், "ஆத்தாடி, ஆத்தாடி" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார்கள். பரட்டைத்தலைகளுக்கெல்லாம் சீயக்காய் நுரைத்தது. ரோஸ்லின் அக்கா வீட்டில் கீரை முளைத்தது, அதைப் பார்க்க வரிசையில் நின்றோம், உப்புமண்ணில் பச்சையைப் பார்த்தவர்கள் அதுவரை எங்களில் யாருமில்லை. மாதா கோயில் திருநாளுக்கு ஒரு நாள் கேட்டார்கள், சுடலைமாடன் கொடைக்கு ஒரு நாள் கேட்டார்கள், இரண்டுக்கும் கொடுத்தோம். ஒரு நாள் வானிலை மையத்திலிருந்து ஒரு ஆபீசர் வந்தார், மழைமானியைச் சுற்றிச் சுற்றி வந்தார், சட்டையில் தெறித்த சாரலைத் துடைத்துக்கொண்டு, "சுவர் பக்கத்துல வைக்கக்கூடாதும்மா, அளவு தப்பா வரும்" என்று சொல்லி மோர் குடித்துவிட்டுப் போனார்.

மைனிக்கு மட்டும் முகத்தில் சிரிப்பில்லை. தப்பு எங்கே என்று கண்டுபிடித்துவிட்டாள், வயரை மாற்றிச் செருக ஒரு நிமிஷம் போதும். "இது மழையைக் கேக்கிறதுக்கு வாங்கினது, வரவழைக்கிறதுக்கு இல்லை. நிஜ மழை வந்தா இது வாயைத் திறக்காது" என்று சங்கத்தில் போய்ச் சொன்னாள். ஊரே அவள்மேல் பாய்ந்தது. என் பிள்ளை குளிக்க வேண்டாமா என்றது, முறை வராத வீடு இன்னும் இருக்கு என்றது, உன் புருசன் பரணுக்காக நாங்கள் நாக்கு வறளணுமா என்றுகூட ஒருத்தி கேட்டாள், அந்த ஒருத்தி யாரென்று சொல்லமாட்டேன், பக்கத்து வீடு. சங்கம் வயரைத் தொடக்கூடாது என்று தீர்மானம் போட்டது. பரணில் அண்ணன் தனியாகத் தகரத்தோடு உட்கார்ந்திருந்தான். மைனி தினமும் கடைக்குப் போகிற வழியில் பரணுக்குக் கீழே நின்று மேற்கே பார்ப்பாள், அவனுக்காக அவள் பார்த்தாள், அவன் அது தெரியாத மாதிரி இருந்தான்.

இதற்குள் ஊர் இன்னொரு காரியமும் செய்திருந்தது, அதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. இவ்வளவு நல்ல தண்ணியை எதில் பிடித்துவைப்பது? குடம் நிறைந்தது, அண்டா நிறைந்தது, குழி தோண்டினோம், உப்புமண்ணில் தண்ணி நிற்காதே என்று குழிக்குள் தார்ப்பாயை விரித்தோம். அம்பாரம் மூடுகிற தார்ப்பாய்தான், வேறெங்கே இருக்கிறது எங்களிடம்?

சித்திரையில் ஒரு மத்தியானம், மழை அளத்தை ஒட்டின தங்கராசு அண்ணாச்சி வீட்டு முறை, பாதி ஊர் அங்கேதான் நின்றது, அப்போது பரணில் தகரம் கேட்டது. கேட்டது எங்கள் எல்லாருக்கும். ஒருத்தர்கூட அசையவில்லை. "நம்ம மழையைத்தான் சொல்லுதான் கொம்பையா" என்று அண்ணாச்சி சிரித்தார், நானும் சிரித்தேன். தகரம் நிற்கவில்லை, இடுப்பொடிய அடித்தான், மழை என்றால் ஓட வேண்டும் என்பதையே எங்கள் கால்கள் மறந்துபோயிருந்தன, அப்புறம்தான் வெளிச்சம் குறைந்தது, அண்ணாந்து பார்த்தால் மேற்கே வானம் எருமைக்கூட்டமாக இறங்கிக்கொண்டிருந்தது. அளம் முழுக்க அம்பாரங்கள் திறந்து கிடந்தன, வருசத்துச் சோறு திறந்து கிடந்தது. பெண்கள் குழிக்கு ஓடித் தார்ப்பாயை இழுத்தார்கள், அது நிறையத் தண்ணியோடு கிடந்தது, யானையை இழுத்த மாதிரி இருந்தது, வரவேயில்லை. செல்லக்கனி மண்ணில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

மழை இறங்கியது. ஓட்டத்தில் யாரோ காலால் தட்டி மழைமானி உருண்டது, வயர் கழன்றது, பெருந்துளிகள் எல்லார்மேலும் விழுந்தன. கடையிலிருந்து ஓடிவந்த மைனி நேராக மழைமானியைத்தான் தூக்கினாள், எங்களுக்குக் கோபம் வந்தது, இந்த நேரத்தில் இவளுக்கு மிஷின் முக்கியமா என்று. அவள் வயரைப் பலகையின் காலில் செருகிக் கட்டைவிரலால் அழுத்தினாள். அழுத்தினதும் எங்கள்மேல் பெய்த மழை நின்றது. நின்றது என்றால், சுற்றிலும் வானம் அதே கறுப்புதான், இடி அதே இடிதான், ஆனால் அவ்வளவு மேகத்தின் மழையும் எங்கெங்கேயோ இருந்து சாய்ந்து வந்து ஒரே சாண் அகலத்தில் அவள் கையில் இருந்த புனலில் இறங்கியது, தூண் மாதிரி, அருவி மாதிரி. வயர் தளர்வாக இருந்தது, விரல் நழுவினால் மழை விரிந்தது, அழுத்தினால் ஒடுங்கியது.

"ஓடைக்குக் கொண்டுபோ!" என்று அண்ணாச்சி கத்தினார். அங்கேயே நின்றால் அந்தத் தண்ணி பாத்தியெல்லாம் பாய்ந்துவிடும். ஆனால் ஓடை அளத்துக்கு அந்தக் கடைசியில், போகிற வழி ஒற்றையடி வரப்பு, இரண்டு பக்கமும் அம்பாரம், அவளோ மழைத்தூணை ஒட்டி நிற்கிறாள், ஒரு கையில் மழைமானி, மறு கையில் பாலிதீனில் சுற்றிய பலகையும் கட்டைவிரலுக்கு அடியில் வயரும், முகத்தில் தண்ணி அறைகிறது, கண்ணைத் திறக்க வழியில்லை. ஒரு அடி எடுத்து வைத்தாள், வழுக்கினாள், மழை விரிந்தது, எல்லாரும் "ஐயோ" என்றோம்.

அப்போது அண்ணன் பரணைவிட்டு இறங்கினான். யார் சொல்லியும் இறங்கவில்லை, தானாக இறங்கினான். காலால் தடவிக்கொண்டே வந்து, சாரலுக்குள் கையை விட்டு அவள் முழங்கையைப் பிடித்தான்.

"பேராச்சி, விரலை எடுக்காதே. நான் சொல்லுதபடி நட."

எவ்வளவு நாளைக்குப் பிறகு அவன் பேர் சொல்லிக் கூப்பிட்டான்! அந்த இடியிலும் எனக்கு அது கேட்டது.

"கல்லு ஒண்ணு கிடக்கு, தாண்டு. இப்போ இடது பக்கம். இந்த இடம் சொதசொதன்னு இருக்கும், வேகமா வா."

"விழுந்துருவேன்ங்க."

"விழமாட்டே. எனக்கும் ஒண்ணும் தெரியலளா, உள்ளங்கால்தான் சொல்லுது, வா."

நாங்கள் எல்லாரும் பாத்தியோரம் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம். ஒரு சித்திரை மழை மொத்தமும், எங்கள் அளத்தையே கரைத்துக் கடலுக்குக் கொண்டுபோக வந்த மழை மொத்தமும், சாண் அகலமாக ஒடுங்கி, அம்பாரங்களுக்கு நடுவே, புருசன் பெண்டாட்டி இரண்டு பேர் தலைமேல் நின்றுகொண்டு நடந்துபோனது, அவன் நின்றால் நின்றது, திரும்பினால் திரும்பியது, கடைசிப் பாத்தியைத் தாண்டி ஓடைக்குள் இடுப்பளவு தண்ணியில் இறங்கியது. அங்கே அவன் "இனி விடு" என்றானாம். அவள் விரலை எடுத்தாள், மழை விரிந்து ஓடைமேலும் கடல்மேலும் அவர்கள்மேலும் பெய்தது, கடலைப் பார்த்ததும் அதற்கு எங்கள் ஞாபகமே போய்விட்டது போலிருக்கிறது, அளத்துப் பக்கம் திரும்பவில்லை. நெடுநேரம் அவர்கள் இருவரும் ஓடையைவிட்டு ஏறிவரவுமில்லை. என்ன பேசினார்கள் என்று செல்லக்கனி இன்றுவரை என்னைக் கேட்கிறாள், எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் அவளிடம் சொல்வேனா?

வரப்போரம் மட்டும் அம்பாரங்களில் வாய்க்கால் மாதிரி ஒரு கோடு கரைந்திருந்தது, அவர்கள் நடந்த வழி. மற்ற உப்பெல்லாம் நின்றது. சங்கம் கூடி, பரணைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், டீ குடித்துக் கலைந்தது.

பலகை தண்ணி குடித்துச் செத்துவிட்டது. மைனி புதிதாக ஒன்று வாங்கினாள், இந்தத் தடவை நம்பரைப் பார்த்துச் சரியான காலில் செருகினாள். ஊர் விட்டதா, அந்தப் பழைய தப்பையே இன்னொரு தரம் செய்து காட்டு என்று கெஞ்சியது. அவளும் ஆசைக்கு ஒவ்வொரு காலாகச் செருகிப் பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை, வேண்டுமென்று செய்கிற தப்பு அந்தத் தப்பு ஆகாது போல. ரோஸ்லின் அக்கா கீரையை ஒரு வாரம் லாரித்தண்ணி ஊற்றிக் காப்பாற்றப் பார்த்தாள், பிறகு கடைந்து எல்லா வீட்டுக்கும் ஒரு கரண்டி கொடுத்தாள்.

இப்போது மழைமானி பரணில் அண்ணன் பக்கத்தில் இருக்கிறது, எல்லா மழைமானியும் செய்கிற வேலையைச் செய்கிறது. மழை விழும், கிண்ணம் நிறையும், சாயும், மணி அடிக்கும். ஆனால் அண்ணனுக்குக் கிண்ணம் நிறைய வேண்டாம், முதல் துளி கையிலோ கழுத்திலோ பட்டால் போதும், சில நாள் துளிகூட வேண்டாம், காற்றில் வாசம் மாறினாலே தட்டிவிடுவான்; தகரம் முதலில் கேட்கும், நாங்கள் ஓடிப் பாதி அம்பாரம் மூடின பிறகு பின்னாலேயே மணி வரும்.

ஒரு நாள் நான் சும்மா இருக்கமாட்டாமல் கேட்டேன்: "ஏன் மைனி, அந்தக் கிண்ணத்தை இன்னும் சின்னதாப் போட்டா, முந்தியே சாயுமே? மணி முந்தி அடிக்குமே?"

மைனி பற்றவைத்துக்கொண்டிருந்த வயரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அடிக்கும்" என்றாள். "அதெல்லாம் செய்யலாம், கடையிலேயே சின்னக் கிண்ணம் கிடைக்குது. ஆனா வேண்டாம்டி சந்தனம். அந்தக் கிண்ணம் நிறையுற வரைக்கும் உங்க அண்ணன் வேலை."